பீலித் தண்ணீரில் என்ன இருந்தது?



என் பேரனின் கண் மஞ்சளாக இருப்பதை முதலில் கண்டவள் நான்தான். 2014ஆம் ஆண்டு ஆடி மாதம். நோர்வூட்டில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பிள்ளைக்கு ஒரு கிழமையாகச் சாப்பாடு வேண்டாம், வாந்தி, உடம்புச் சூடு. மழைக் காய்ச்சல் என்று இருந்துவிட்டோம். அன்று காலை இஸ்தோப்பில் வைத்து முகம் கழுவிவிடும்போதுதான் வெளிச்சத்தில் கண்ணைப் பார்த்தேன். கிளங்கன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதே கிழமையில் எங்கள் லயத்தில் இன்னும் நான்கு பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை. ஐந்து பிள்ளைகளும் குடித்தது ஒரே பீலித் தண்ணீர்.

வடக்கில் இருந்து இதைப் படிக்கும் சகோதரிகளுக்கு என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் இந்தத் தோட்டத்தில் பிறந்தவள். 1977 கலவரத்துக்குப் பிறகு அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனார். கலியாணம், பிள்ளை, காணி, கிணறு எல்லாம் அங்கேதான். 2009இல் கணவரை இழந்து, மகளோடும் கைக்குழந்தையாக இருந்த இந்தப் பேரனோடும் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தேன். அங்கே தண்ணீருக்கு நின்ற கதையை உங்களில் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. விடிய முன்பே கலனை வரிசையில் வைத்துவிட்டு, பவுசர் வருமா வராதா என்று பார்த்துக்கொண்டிருப்போம்.

முகாமிலிருந்து விட்டதும் அண்ணன் கூப்பிட்டார், மலைக்கே திரும்பி வந்தேன். வந்த அன்று லயத்துப் பீலியில் யாரும் வரிசையில் நிற்காமல், இரவு பகலாகத் தண்ணீர் தானே ஊற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்து அழுதுவிட்டேன். இனிமேல் தண்ணீருக்குக் கவலையில்லை என்று நினைத்தேன். செல் மழைக்குள் மார்போடு அணைத்துக் கொண்டுவந்த பிள்ளை, இந்தத் தண்ணீரால் படுத்துக் கிடப்பான் என்று யார் கண்டது?

பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் லயத்துக்கு வந்தார். "தண்ணி எங்கேயிருந்து வருது, காட்டுங்க" என்றார். ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். நானும் அண்ணியும் இன்னும் இரண்டு பெண்களும் அவரோடு மலையேறினோம். அண்ணி வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்: "எங்க தாத்தா காலத்திலேருந்து இதத்தாங்க குடிக்கிறோம். கண்ணாடி மாதிரி இருக்கும். இதுல என்னாங்க வரப்போவுது?"

ஊற்று அதே இடத்தில்தான் இருந்தது. ஊற்றுக்கு மேலேதான் எல்லாம் மாறியிருந்தது. தாத்தா காலத்தில் காடாக இருந்த சரிவில் இப்போது சில குடிசைகள், ஒரு மாட்டுப்பட்டி, மரக்கறித் தோட்டம், இரண்டு குழிக் கக்கூஸ். ஊற்றுக்கும் கக்கூஸுக்கும் இடையில் குறைந்தது 30 மீற்றராவது இருக்க வேண்டுமாம். இங்கே அதில் பாதிகூட இல்லை. அதுவும் மேட்டுப் பக்கத்தில்! ஊற்றுத் தண்ணீர் சேரும் சீமெந்துத் தாங்கிக்கு மூடி இல்லை. உள்ளே அழுகிய இலையும் ஒரு செத்த தவளையும் கிடந்தன. அண்ணி அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை.

பரிசோதகர் ஐயா கிருமி நீக்கிய போத்தலில் தண்ணீர் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார். அறிக்கை வந்தபோது அதில் ஈ.கோலை என்ற கிருமியின் பெயரும் ஒரு எண்ணும் இருந்தன. மனிதர், மிருகங்களின் குடலில் வாழும் கிருமி அது. தண்ணீரில் அது இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். இலங்கைக் குடிநீர்த் தரத்தின்படி 100 மில்லிலீற்றர் தண்ணீரில் ஒன்றுகூட இருக்கக்கூடாது.

பிள்ளைகளுக்கு வந்தது ஹெப்படைட்டிஸ் ஏ. வடக்கில் நாம் செங்கமாரி என்று சொல்வது. நோயாளியின் மலத்தோடு வெளியேறும் வைரஸ், தண்ணீராலும் கழுவாத கையாலும் அடுத்தவர் வயிற்றுக்குள் போகிறது. உள்ளே போய் இரண்டு முதல் ஆறு, ஏழு கிழமைக்குப் பிறகுதான் நோய் தெரியும். ஆகையால் இன்று கண் மஞ்சளித்த பிள்ளை போன மாதத் தண்ணீரால் நோய்ப்பட்டிருக்கிறது. இதற்கென்று தனி மருந்து கிடையாது, ஓய்வும் நீராகாரமும்தான். பெரும்பாலான பிள்ளைகள் சுகமாகிவிடுவார்கள். இதே மாதிரித் தண்ணீரால் பரவும் ஹெப்படைட்டிஸ் ஈ கர்ப்பிணிகளின் உயிருக்கே ஆபத்தானது.

தண்ணீர் நன்றாகக் கொதித்து ஒரு நிமிடம் போனால் இந்தக் கிருமிகள் சாகும். எங்கள் மலையில் தண்ணீர் 100 பாகைக்கு முன்பே கொதித்துவிடும், ஆனாலும் கிருமி சாக அந்தச் சூடு போதும் என்று டிஸ்பென்சரியில் சொன்னார்கள். சொல்வது சுலபம். விடிய எழும்பி, ரொட்டி சுட்டு, பெரட்டுக்கு ஓடுகிற பெண் எப்போது விறகு பொறுக்கி, எப்போது தண்ணீர் கொதிக்கவைத்து ஆறவைப்பது? 2022இல் காஸ் இல்லாமல் நாடே தவித்தபோது, முதலில் நின்றுபோனது இந்தக் கொதிநீர்தான்.

கொதிக்கவைத்தால் எல்லாம் சரி என்று நானும் நினைத்திருந்தேன். 2015இல், முகாமில் பக்கத்துக் கூடாரத்தில் இருந்த ஒரு அக்கா சுன்னாகத்திலிருந்து போன் எடுத்தார். மகள் வீட்டுக் கிணற்றில் எண்ணெய் மிதக்கிறது என்றார். "கொதிக்க வச்சுக் குடிங்க அக்கா" என்றேன். "எண்ணெய் கொதிச்சாப் போகுமே, பிள்ளை?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

சுன்னாகம் மின்னிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தது பற்றி மக்கள் போராடினார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் நொதேர்ன் பவர் நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் இன்னொரு கேடும் உண்டு. தோட்டத்துக்குப் போடும் உரமும் மலசலக்குழிக் கழிவும் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் இறங்கி, நைத்திரேற்றாகத் தண்ணீரில் சேர்கிறது. கொதிக்கவைக்க வைக்கத் தண்ணீர் வற்றுமே தவிர நைத்திரேற்று போகாது. மிச்சத் தண்ணீரில் கூடிப்போகும். ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு அந்தத் தண்ணீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால், இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் பிள்ளை நீலம்பாரித்துவிடும். ஆகையால் உங்கள் கிணற்றில் என்ன இருக்கிறது என்று பரிசோதித்துத் தெரிந்துகொள்ளாமல், என்ன செய்வது என்று யாராலும் சொல்ல முடியாது. வாசனையும் நிறமும் போதாது.

எங்கள் மலையிலும் உரம் உண்டு, களைமருந்து உண்டு. கிளைபோசேற்றை அரசாங்கம் 2015இல் தடைசெய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திரும்ப அனுமதித்தது. மருந்தடித்த டாங்கியை ஓடையில் கழுவுவதை நானே கண்டிருக்கிறேன். கழுவியவரும் எங்கள் லயத்துத் தம்பிதான். அவர் வீட்டுப் பிள்ளைகளும் அதே ஓடைக்குக் கீழே குளிக்கிறார்கள்.

ஒரு விஷயம் என் மனதை அறுக்கும். நோர்வூட் வழியாக ஓடும் கெஹெல்கமு ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விழுந்து, கீழே மஸ்கெலி ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகிறது. அந்தத் தண்ணீரை அம்பத்தலேயில் வடிகட்டி, குளோரின் போட்டு, சோதித்துக் கொழும்புக்குக் கொடுக்கிறார்கள். தண்ணீர் புறப்படுகிற மலையில் இருக்கும் லயங்களுக்கோ தவளை கிடந்த தாங்கி. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைகள் தோட்டங்களுக்குள் வேலை செய்வதற்குத் தடையாக இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அதே ஆண்டில் நோர்வூட்டுக்குத் தனிப் பிரதேச சபையும் வந்தது. இனிச் சபையிலும் போய்க் கேட்கலாம் என்பது பல பெண்களுக்கு இன்னும் தெரியாது.

நாங்கள் கேட்டோம். பன்னிரண்டு பெண்கள் கையெழுத்துப் போட்டு, தோட்ட நிர்வாகத்துக்கும் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கும் கடிதம் கொடுத்தோம். ஆறு மாதம் பதில் இல்லை. திரும்பக் கொடுத்தோம். பிறகு தாங்கிக்கு மூடி வந்தது, பூட்டும் வந்தது. மாதம் ஒருமுறை தாங்கியை இறைத்துக் கழுவுகிறோம். குளோரின் போட்டால் அரை மணி நேரம் விட வேண்டும். தண்ணீர் கலங்கியிருந்தால் அது சரியாக வேலை செய்யாது. அதனால் பெருமழை பெய்த அன்று குளோரினை நம்பாமல் கட்டாயம் கொதிக்கவைக்கிறோம். மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என்று தண்ணீர் அறிக்கை கேட்டு வாங்கி, பிள்ளைக் காம்பராக் கதவில் ஒட்டுகிறோம். எழுத்துத் தெரியாத அக்காமார் அந்த எண் 0 தானா என்று மட்டும் பார்ப்பார்கள்.

பேரன் இப்போது என்னைவிட உயரம்.

மேட்டில் இருக்கிற அந்த இரண்டு கக்கூஸும் இன்னும் அங்கேயே இருக்கின்றன. அவற்றை எடுக்கச் சொல்லிப் போனபோது அந்த வீட்டுப் பெண் கேட்டாள்: "எனக்கு இருக்கிறதே இந்தத் துண்டு எடம்தான். இத எங்கக்கா கொண்டுபோயி வைக்கிறது?" அவளுக்கும் மூன்று பிள்ளைகள். அதனால் கக்கூஸை விட்டுவிட்டு, அதற்கு மேலே உள்ள இன்னொரு ஊற்றிலிருந்து குழாய் இழுத்துத் தரும்படி கேட்டு எழுதியிருக்கிறோம். அந்தக் கடிதத்தில் முதல் கையெழுத்து அவளுடையது.