ஸ்டார் கட்ட சாமான் வாங்கப் போறீங்களா? பட்டன் பேட்டரி உஷார்!

தக்கலை, டிச.–

கிறிஸ்துமஸ் நெருங்கி விட்டது. குமரி மாவட்டக் கடைகளில் காகித நட்சத்திரங்கள் தொங்குகின்றன. வெளியே மழை. பள்ளிக்கும் அரையாண்டு விடுமுறை. "எனக்கும் ஸ்டார் வேணும்" என்று வீட்டுக்கு வீடு பொடிசுகள் அடம் பிடிக்கும் நேரம் இது.

ஆயத்த ஸ்டார் வாங்கினால் வேலை மிச்சம். ஆனால் பிள்ளையோடு சேர்ந்து கட்டினால் விடுமுறை முழுக்க பொழுது போகும்.

மூங்கில் குச்சி, நூல், வண்ணத் தாள், முனை மழுங்கிய கத்தரிக்கோல். இவ்வளவு போதும். குச்சி சீவுவது பெரியவர் வேலை. தாள் ஒட்டுவது பிள்ளை வேலை.

மைதா பசையை வீட்டிலேயே காய்ச்சலாம். பூச்சி அரிக்காமல் இருக்க சிலர் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம். பிள்ளை விரலை வாயில் வைக்குமே! எனவே வேண்டவே வேண்டாம்.

3 வயதுக்குள் என்றால் பாசிமணியும் வேண்டாம். தொண்டையில் அடைக்கும்.

2 மணி நேரம்தான்!

மினுக்கும் சிறு விளக்குகளில்தான் பெரிய ஆபத்து. உள்ளே இருப்பது பட்டன் பேட்டரி. விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே புண்ணாக்கி விடும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பேட்டரி மூடிக்கு திருகாணி இருக்கிறதா? கடையிலேயே பாருங்கள். இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்து விடுங்கள்.

காசில்லாத பச்சை

குடிலுக்குப் புல் வேண்டுமா? தட்டில் மண் பரப்பி, பிள்ளை கையாலேயே நெல்லைத் தூவச் சொல்லுங்கள். முளைத்து நிற்கும்.

ஸ்டார் ஒரு பக்கம் கோணினால் என்ன? "நான் செஞ்சதாக்கும்!" என்று பிள்ளை தெருவெல்லாம் சொல்லுமே!