கோழி இறக்கை: பொரிக்கலாமா... புகை போடலாமா?

ஞாயிற்றுக்கிழமை காலை, கறிக்கடை வாசல். "தோலோடவா, உரிச்சா?" என்று கேட்பார் கடைக்காரர். "உரிச்சே குடுங்கண்ணே" என்று சொல்லிவிடுவோம். அந்த ஒரு வார்த்தையில் கோழி இறக்கையின் மவுசு பாதி போய்விடும். குழம்புச் சட்டியில் கடைசியாகக் கிடந்து, "இதுல என்ன இருக்கு, வெறும் எலும்பு" என்று பேச்சு வாங்குவதும் அதுதான்.

அமெரிக்காவில் கதையே வேறு. அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் நடக்கும் வார இறுதியில் மட்டும் 100 கோடிக்கும் அதிகமான இறக்கைகள் காலியாவதாக அங்குள்ள தேசிய கோழி கவுன்சில் மதிப்பிடுகிறது. கூடவே ஒரு வழக்கும் ஓயாமல் நடக்கிறது. இறக்கையை எண்ணெயில் பொரிப்பது சிறந்ததா, விறகுப் புகையில் வேகவைப்பது சிறந்ததா?

இரு கட்சியின் வாதத்தையும் கேட்டுவிட்டு, நம் வீட்டுக்கு எது சரிப்படும் என்று பார்ப்போம்.

பொரித்த கட்சி: பஃபலோ நகரம்

'பஃபலோ விங்ஸ்' என்றதும் எருமை ஞாபகம் வரும். உண்மையில் அது நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஊரின் பெயர். 1964-ல் அங்குள்ள ஆங்கர் பார் உணவகத்தில், நேரங்கெட்ட நேரத்தில் பசியோடு வந்த மகனின் நண்பர்களுக்காக தெரெசா பெல்லிசிமோ இறக்கைகளைப் பொரித்து, காரச் சாஸில் புரட்டிக் கொடுத்தார் என்பது பிரபலமான கதை. அதுவரை பெரும்பாலும் சூப்புக்குப் போய்க்கொண்டிருந்த பாகம் அது.

இதே காலகட்டத்தில், அதே ஊரில் ஜான் யங் என்ற கறுப்பினச் சமையல்காரர் முழு இறக்கையை மாவில் புரட்டிப் பொரித்து, 'மம்போ' சாஸோடு விற்றுவந்தார். 'உண்மையில் ஆரம்பித்து வைத்தது நான்தான்' என்பது அவர் வாதம். 1980-ல் கால்வின் டிரில்லின் 'நியூயார்க்கர்' இதழில் இரு தரப்பையும் பதிவுசெய்தார். ஆனாலும் ஊர் உலகம் சொல்வது ஆங்கர் பார் பெயரைத்தான். சமையலறையில் உழைப்பவர் ஒருவர், பெயர் வாங்குபவர் இன்னொருவர் என்பது நமக்கும் பழகிய சங்கதிதானே!

ஆங்கர் பார் பாணியில் மாவு கிடையாது. தோலே மொறுமொறுப்பைத் தந்துவிடும். எண்ணெய் 175 முதல் 190 டிகிரி செல்சியஸ் வரை காய்ந்திருக்க வேண்டும். இறக்கை உள்ளே விழுந்ததும் தோலில் உள்ள ஈரம் ஆவியாகிக் குமிழ் விடும். வெளியே வரும் அந்த ஆவியே எண்ணெயை உள்ளே புகவிடாமல் தள்ளிப் பிடிக்கும். ஈரம் வற்றியதும் தோல் சிவந்து முறுகும். 10 முதல் 12 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

நாம் செய்யும் தவறு, ஒரே ஈட்டில் அரைக் கிலோவைக் கொட்டுவது. சூடு சடாரென்று இறங்கி, இறக்கை பொரியாமல் எண்ணெயில் ஊறும். இன்னொன்று, பொரித்த கையோடு குவியலாகப் போட்டு மூடுவது. எண்ணெயின் பெரும்பகுதி உள்ளே போவது வெளியே எடுத்து ஆறும்போதுதான். கம்பித் தட்டில் பரப்பி வடியவிடுங்கள்.

புகைக் கட்சி: அமெரிக்காவின் தெற்கு

அலபாமாவின் டெகேட்டர் நகரில் 1925-ல் பிக் பாப் கிப்சன் தொடங்கிய கடை இன்றும் நடக்கிறது. ஹிக்கரி விறகுப் புகையில் கோழியை நிதானமாக வேகவைத்து, மயோனைஸ், வினிகர், மிளகு சேர்ந்த வெள்ளைச் சாஸில் முக்கித் தருவது அங்கே விசேஷம்.

புகை போடும்போது நெருப்பு நேராக இறைச்சியில் படாது. மூடிய அடுப்பில் 110 முதல் 130 டிகிரி வரை சூடும் புகையும் சுற்றிவர, இறக்கை ஒன்றரை மணி நேரமாவது உள்ளே இருக்கும். விறகில் உள்ள லிக்னின் சிதைந்து வரும் பொருள்கள்தான் அந்த வாசனைக்குக் காரணம். இறக்கையில் சவ்வும் நாரும் அதிகம். மெதுவான சூட்டில் அவை கரைந்து ஜெலட்டினாகி, கறி எலும்பிலிருந்து வழுக்கிக்கொண்டு வரும். பத்து நிமிடப் பொரியலில் இந்தப் பக்குவம் கிடைக்காது.

குறை என்ன? தோல்! இந்தச் சூட்டில் தோலின் கொழுப்பு முழுதாக உருகாது, ஈரமும் வற்றாது. மொட்டை மாடியில் நான் முதன்முதலாகப் புகை போட்ட அன்று, ஒரு கடி கடித்த என் மகள், "வாசனை சூப்பர்ப்பா. ஆனா சூயிங் கம் மாதிரி இருக்கு" என்றாள். பிறகுதான் தெரிந்துகொண்டேன், கடைசிப் பத்து நிமிடம் நல்ல கனலுக்கு மேல் வைத்து வாட்ட வேண்டும் என்று.

நமக்கு ஒரு சுவாரஸ்யமான சேதி. டெக்சாஸ் பக்கம் பார்பிக்யூவுக்கு விரும்பி எரிக்கும் மெஸ்கீட் மரம், நம்மூர்ச் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய சொந்தம். ராமநாதபுரம் பக்கம் மூட்டம் போட்டுக் கரியாக்குகிறோமே, அதே மரத்தின் உறவுதான். மஞ்சள் தடவி, தீயில் வாட்டிய நாட்டுக்கோழியின் மணம் அறிந்தவர்களுக்குப் புகையின் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உடம்புக்கு எது நல்லது?

'எண்ணெய் இல்லை, அதனால் புகை நல்லது' என்று உடனே தீர்ப்பு எழுதிவிட முடியாது.

பொரிப்பதில் கொழுப்பு கூடும். அதைவிடக் கவலை, ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது. எண்ணெய் கெட்டதைக் காட்டும் துருவச் சேர்மங்கள் 25 சதவிகிதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. வீட்டில் அளக்கக் கருவி இல்லை. நிறம் கறுத்து, நுரை தள்ளி, பிசுபிசுப்பு வந்தால் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

புகையிலும் ஆபத்து உண்டு. கொழுப்பு சொட்டிக் கனலில் விழுந்து கருகும்போது, பென்சோபைரீன் போன்ற புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் கிளம்பி இறைச்சியில் படியும். கனலை ஒரு பக்கமும் இறக்கையை மறுபக்கமும் வைத்தால் இது குறையும். கருகிய பகுதியைச் சாப்பிட வேண்டாம். இரண்டுமே மாதத்தில் ஓரிரு நாள் விருந்தாக இருக்கட்டும்.

இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம்

* எந்த முறையானாலும் கறியின் உட்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும். சால்மோனெல்லா போன்ற கிருமிகள் அப்போதுதான் சாகும். இறைச்சிக்கான வெப்பமானி ஒன்று வாங்கிவைப்பது நல்லது.
* நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். புகை போட்ட கறி நன்றாக வெந்த பிறகும் தோலுக்கடியில் இளஞ்சிவப்பாக இருக்கலாம். பொரித்ததோ வெளியே சிவந்து, எலும்போரம் பச்சையாக இருக்கலாம்.
* உறைந்த இறக்கையை அப்படியே புகையில் வைக்கக் கூடாது. மெதுவாகச் சூடேறும் நேரத்தில் கிருமிகள் பெருகிவிடும்.
* கரி அடுப்பை வீட்டுக்குள்ளோ, மூடிய பால்கனியிலோ மூட்டவே மூட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஜன்னலைத் திறந்துவைத்தாலும் போதாது. உயிருக்கே ஆபத்து. மொட்டை மாடி அல்லது தோட்டம் மட்டுமே சரி.
* பெயின்ட் அடித்த மரம், பிளைவுட் துண்டுகள் வேண்டாம். நன்கு காய்ந்த கொய்யா, மா விறகு போதும்.

தீர்ப்பு என்ன?

திடீரென்று நான்கு பேர் வந்து நிற்கிறார்கள், பிள்ளைகளுக்கு மொறுமொறுவென்று வேண்டும் என்றால் பொரியல்தான். இருபது பேர் கூடும் நாள், கையில் நேரமும் தலைக்கு மேல் வானமும் இருக்கிறது என்றால் புகை போடலாம். ஒருமுறை அடுக்கிவிட்டால் அடுப்பங்கரையில் ஒருவர் மட்டும் வியர்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

இரண்டையும் சேர்த்துச் செய்கிறவர்களும் உண்டு. ஒரு மணி நேரத்துக்கு மேல் புகையில் வைத்து, கறி முழுக்க வெந்ததை உறுதிசெய்துகொண்டு, பரிமாறும் முன் 190 டிகிரி எண்ணெயில் இரண்டே நிமிடம். உள்ளே புகை மணம், வெளியே மொறுமொறுப்பு. என் மகளிடம் அதற்குத்தான் 'பாஸ்' கிடைத்தது.

அடுத்த ஞாயிறு கடைக்காரர் கேட்டால், "இறக்கை மட்டும் தோலோட இருக்கட்டும்ணே" என்று சொல்லிப் பாருங்கள்.