தகட்டைத் தூக்காதீர்கள், நடத்துங்கள்!



பருத்தி எடுத்து, மிளகாய் வத்தல் காயப்போட்டு, சந்தைக்கு அனுப்பி முடித்தபிறகு நம் வானம் பார்த்த கரிசல் காட்டில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிறது. அடுத்த விதைப்புக்குப் புரட்டாசி மழையைத்தான் எதிர்பார்க்க வேண்டும். பரளச்சி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கம் பல குடும்பங்கள் ஆட்டுக்கொட்டகைக்குக் கூரை மாற்றுவதும், டிராக்டர் டிரெய்லருக்குப் புதுத் தகடு போடுவதும் இந்த ஓய்வுக் காலத்தில்தான். இப்போது வெல்டிங் மெஷினும் கட்டிங் மெஷினும் பல வீடுகளுக்கு வந்துவிட்டன. தொழுவத்தின் ஓரமே சின்னப் பட்டறை ஆகிவிட்டது. நல்லதுதான். ஆனால் அந்தப் பட்டறைக்குள் இரும்புத் தகடு, ப்ளைவுட் பலகை, கடப்பாக்கல் இவற்றை எப்படிக் கொண்டுபோவது, எப்படி நிறுத்தி வைப்பது என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை. அதைப்பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

"நூறு கிலோ மூட்டையையே முதுகில் ஏத்துறவன் நான், இந்தத் தகரம் ஒரு கனமா அண்ணாச்சி?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மூட்டை வேறு, தகடு வேறு. மூட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அதன் பாரம் நேராகக் காலுக்கு இறங்கும். தகடு அப்படி ஒட்டாது. எட்டடி நீளம், நாலடி அகலம் உள்ள தகட்டைப் படுக்கை வாட்டில் தூக்கினால் அதன் நடுப்பாரம் உங்கள் வயிற்றிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கிறது. நீட்டிய கையில் பிடித்த வாளி ஒட்டிப் பிடித்த வாளியைவிடக் கனப்பது போலத்தான். அந்தப் பாரம் முழுவதையும் இழுத்துப் பிடிப்பது உங்கள் நடுமுதுகு. அது போதாதென்று தகடு காற்றைப் பிடிக்கும், விரலை அறுக்கும், முன்னால் இருக்கிற கல்லையும் குழியையும் மறைக்கும்.

முதலில் எடையைக் கணக்கிடுங்கள்

தூக்கிப் பார்த்து எடை தெரிந்துகொள்வது தவறு. தொடுவதற்கு முன்பே கணக்குப் போடலாம். எட்டடிக்கு நாலடி இரும்புத் தகடு, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறக்குறைய 23½ கிலோ இருக்கும். இந்த ஒரு கணக்கை மனதில் வையுங்கள். 2 மில்லிமீட்டர் தகடு 47 கிலோ. டிரெய்லர் அடித்தளத்துக்குப் போடும் 3 மில்லிமீட்டர் தகடு 70 கிலோ. 5 மில்லிமீட்டர் என்றால் 117 கிலோ. அதே அளவுள்ள 19 மில்லிமீட்டர் ப்ளைவுட் பலகை 35 கிலோவுக்குக் குறையாது. கடப்பாக்கல் ஒரு சதுர அடி, ஓர் அங்குலக் கனத்துக்கு ஆறேகால் கிலோ வரும். ஆறடிக்கு இரண்டடி, ஒன்றரை அங்குலக் கல் ஒன்று 110 கிலோவைத் தாண்டிவிடும்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரையில், ஓர் ஆண் தனியாகக் கையால் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதைக் கூடிய சீக்கிரம் குறைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. பெண்களுக்கு அதைவிடவும் வெகுவாகக் குறைவாக இருக்க வேண்டும். கைக்கு அடங்கும் சுமைக்கே 55 கிலோ எல்லை என்றால், கைக்கு அடங்காத தகட்டுக்கு அதில் பாதியே அதிகம்.

பாதிப் பாரத்தைப் பூமிக்குக் கொடுங்கள்

இன்று நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். தகட்டை முழுதாகத் தரையைவிட்டுத் தூக்கவே வேண்டாம். ஓர் ஓரம் எப்போதும் பூமியிலோ சக்கரத்திலோ இருக்கட்டும். அப்போது மிச்சப் பாரம் மட்டுமே உங்களுடையது.

70 கிலோ தகடு தரையில் படுத்துக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதிர் ஓரம் வழுக்காமல் இருக்க ஒரு மரக்கட்டையை அடித்து வையுங்கள். காலை முட்டுக்கொடுக்க வேண்டாம். இந்தப் பக்க ஓரத்தைக் கடப்பாரையால் நெம்பி, அடியில் ஒரு சிறு கட்டையைச் செருகுங்கள். கடப்பாரை ஐந்தடி, முட்டுக்கல் நுனியிலிருந்து அரையடி தள்ளி இருந்தால் நீங்கள் அமுக்குவதைப்போல ஒன்பது மடங்கு விசை நுனிக்குப் போகும். குழந்தைக்கும் தெரிந்த நெம்புகோல் வித்தைதான். நெம்பும்போது யாரும் தகட்டுக்கு அடியில் விரலை விடக்கூடாது. கட்டையைக் கட்டையாலேயே தள்ளுங்கள்.

கை நுழைய இடம் கிடைத்ததும் இரண்டு பேர் அந்த ஓரத்தைப் பிடித்து நிமிர்த்துங்கள். எதிர் ஓரம் தரையில் இருப்பதால் 70 கிலோவில் பாதி, 35 கிலோதான் உங்கள் பங்கு. ஆளுக்கு 17½ கிலோ. நிமிர நிமிர அதுவும் குறைந்துகொண்டே போகும். குனியும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். பிடித்தபடி உடம்பைத் திருக வேண்டாம். திரும்ப வேண்டுமானால் காலை எடுத்துவைத்துத் திரும்புங்கள்.

சின்ன வண்டி ஒன்று செய்துகொள்ளுங்கள்

நிமிர்த்திய தகட்டை நடத்த ஒரு வண்டி வேண்டும். விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஒன்றரை அடி நீளம், எட்டங்குல அகலத்தில் கனமான பலகை ஒன்று. அதன் மேல், நீளவாட்டில் இரண்டு மரச்சட்டங்களை நடுவில் இரண்டங்குலம் இடைவெளி விட்டு அடியுங்கள். அந்த இடைவெளிதான் தகடு உட்காரும் பள்ளம். பலகையின் நடு அடியில் குறுக்காக ஓர் இரும்பு அச்சு, அதன் இரு முனையிலும் எட்டங்குலச் சக்கரம். பழைய தள்ளுவண்டிச் சக்கரம் போதும். அவ்வளவுதான் வண்டி.

இனி, நிமிர்ந்து நிற்கும் தகட்டின் ஒரு முனையை இரண்டு பேர் ஒரு சாண் உயர்த்துங்கள். மூன்றாவது ஆள் வண்டியை அடியில் தள்ளித் தகட்டின் நடுவுக்குக் கொண்டுவரட்டும். உயர்த்திய முனையை மெல்ல இறக்குங்கள். தராசுத் தட்டுப்போல நடு அச்சில் தகடு சமனாக நிற்கும். பள்ளத்தில் ஆடினால் மர ஆப்பு ஒன்றைச் செருகுங்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் மேல் ஓரத்தைப் பிடித்து நடந்தால் போதும். பாரம் முழுவதும் சக்கரத்துக்கு. உங்களுக்குச் சாயாமல் பார்த்துக்கொள்ளும் வேலை மட்டும்தான்.

நம் கரிசல் மண்ணுக்கு ஒரு வார்த்தை. கோடையில் வெடிப்பு, மழையில் பசை. இரண்டிலும் சின்னச் சக்கரம் மாட்டிக்கொள்ளும். வாசலிலிருந்து பட்டறை வரை இரண்டு பலகைகளை மாற்றி மாற்றிப் போட்டு அதன்மேல் ஓட்டுங்கள். மழை பெய்த மறுநாள் இந்த வேலையே வேண்டாம்.

மெல்லிய ப்ளைவுட் பலகைக்கு ஒரு கயிறு போதும். பதினெட்டடிக் கயிற்றின் இரு முனைகளை முடிந்து வளையமாக்குங்கள். பலகையை நீளவாட்டில் நிறுத்தி, வளையத்தின் ஒரு பக்கத்தைக் கீழ் மூலை ஒன்றிலும், மறுபக்கத்தை அடுத்த கீழ் மூலையிலும் மாட்டி, நடுக்கயிற்றைச் சேர்த்து ஒரு கையில் பிடியுங்கள். மறுகை பலகையின் மேல் ஓரத்தில் இருக்கட்டும். குனியாமல் நடக்கலாம். 12 மில்லிமீட்டர் பலகை வரைக்கும் ஒருவர் கொண்டுபோவார். இரும்புத் தகட்டுக்கு இந்த முறை வேண்டாம். கயிறு அறுந்துவிடும்.

சாய்த்து வைத்த தகடுதான் ஆளை விழுங்கும்

தூக்கும்போது வரும் ஆபத்தைவிடப் பெரிய ஆபத்து சுவரில் சாய்த்து வைத்த தகட்டில் இருக்கிறது. நாலடி உயரத் தகட்டின் அடியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். அதற்கும் நேராக நிறுத்தினால் ஓர் ஆடு உரசினாலே முன்னால் கவிழும். மிகவும் சாய்த்தால் அடி வழுக்கும். அடிக்கு முன்னால் ஒரு கட்டையை ஆணி அடித்து நிறுத்துங்கள். மேலே குறுக்காகச் சங்கிலியோ கயிறோ கட்டாமல் விடாதீர்கள்.

பின்னால் இருக்கிற தகட்டை எடுக்க, முன்னால் இருப்பவற்றைப் புத்தகப் பக்கம்போல ஒவ்வொன்றாகத் தம் மேல் சாய்த்துப் பார்ப்பது நம்மவர்கள் வழக்கம். இதைத்தான் நிறுத்த வேண்டும். பத்துத் தகடு, தலைக்கு 47 கிலோ என்றால் 470 கிலோ. அது நேர்நிலை தாண்டி உங்கள் பக்கம் சாய்ந்துவிட்டால் எந்தப் பலசாலியாலும் தாங்க முடியாது. முன்னால் இருப்பதை முதலில் எடுத்து வேறிடத்தில் வையுங்கள், பிறகு அடுத்தது. நேரம் ஆகும். ஆகட்டும்.

இன்னொன்று. தகடு விழ ஆரம்பித்துவிட்டால் பிடிக்கப் போகாதீர்கள். "விடு, விலகு" என்று கத்திவிட்டு ஒதுங்குங்கள். தகடு வளைந்தால் தட்டி நிமிர்த்தலாம். கால் போனால் யார் நிமிர்த்துவது? வேலை ஆரம்பிக்கும் முன்பே எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். யார் குரல் கொடுப்பது என்பதையும் ஒருவருக்கே விடுங்கள். "தூக்கு", "வை" என்று இரண்டு பேர் சொன்னால் ஒருவன் தூக்குவான், ஒருவன் வைப்பான். பிள்ளைகளுக்குப் பட்டறையும் தகட்டடியும் விளையாட்டு இடமாக வேண்டாம்.

காற்றுக்கு அஞ்சுங்கள்

நாம் கொட்டகை மாற்றும் ஆனி, ஆடியில்தான் காற்றும் அடிக்கிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று பெரியவர்கள் சொன்னது சும்மாவா? மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்று, எட்டடிக்கு நாலடித் தகட்டின் அகலப் பக்கத்தில் பட்டால் சுமார் 25 கிலோ எடையளவுக்குத் தள்ளும். ஏணியில் நிற்பவரை அது கீழே தள்ளப் போதும். அதனால் காற்று ஏறுமுன் விடியற்காலையில் வேலையை முடியுங்கள். தகட்டின் ஓரத்தைக் காற்றுக்குக் காட்டி நடங்கள், முகத்தைக் காட்டாதீர்கள். கூரையில் ஒரு தகட்டைத் திருகாணி போட்டு இறுக்கிய பிறகே அடுத்ததை மேலே ஏற்றுங்கள். மின்கம்பிக்குக் கீழே நீளத் தகட்டை நிமிர்த்த வேண்டாம்.

கடையிலிருந்து கொண்டுவரும்போது டிரெய்லரில் படுக்க வைத்து, கயிறு படும் ஓரங்களில் சாக்கை மடித்து வைத்துக் கட்டுங்கள். மேலே ஆளை உட்கார வைக்காதீர்கள். மோட்டார் சைக்கிளில் தகரத்தைக் குறுக்கே பிடித்துக்கொண்டு வருவது எதிரே வருபவன் கழுத்துக்குக் கத்தி நீட்டுவது மாதிரி.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட்டைக் கழற்றுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். அதன்மேல் காலை வைக்காதீர்கள். உடைந்து உள்ளே விழுவீர்கள். பலகை போட்டு அதன்மேல் நில்லுங்கள். அதன் தூசி நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2005-க்குள் அதைத் தடை செய்துவிட்டன. எனவே மெஷினால் அறுக்காதீர்கள், உடைக்காதீர்கள். தண்ணீர் தெளித்து, முழு ஷீட்டாகவே இறக்குங்கள்.

கைக்குக் கனமான தோல் கையுறை, காலுக்கு மூடிய செருப்பு, இந்த இரண்டும் இல்லாமல் தகட்டைத் தொடாதீர்கள். வெட்டுப்பட்டால் காப்பித்தூளும் ஆயிலும் வேண்டாம். சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டெட்டனஸ் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். ஆள் மேல் தகடு விழுந்தால் தகட்டை நெம்பி உயர்த்தி ஆளை விடுவித்து, 108-க்கு உடனே போன் செய்யுங்கள்.

பெருமக்களே, ஒரு வண்டி செய்ய அரை நாள் ஆகும். மூன்றாவது ஆளைக் கூப்பிடப் பத்து நிமிடம் ஆகும். பக்கத்து வீட்டு மாமனையோ மாப்பிள்ளையையோ கூப்பிட வெட்கப்பட வேண்டாம். நாளைக்கு அவர் வீட்டுத் தகட்டுக்கு நீங்கள் போய்க் கைகொடுங்கள். புரட்டாசியில் மழை இறங்கும்போது விதைப்புக்கு உங்கள் முதுகும் பத்து விரலும் நல்லபடியாக இருக்க வேண்டும். அவற்றைத் தகரத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள்.