வெண்கலத்தில் வடித்த நட்பு

ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோ நகரிலே, ஜான் நாக்ஸ் என்னும் சமயச் சீர்திருத்தக்காரர் பிரசங்கஞ் செய்த செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தில், கவிஞர் ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸனின் உருவம் வெண்கலப் புடைப்புச் சிற்பமாக அமைந்துள்ளது. சாய்வு மஞ்சத்தில் அமர்ந்து, கையில் இறகுப் பேனாவுடன் அவர் காட்சியளிக்கின்றார். ஆயின், இதற்கு மூத்த உருவம் ஒன்று உண்டு; அதில் மஞ்சமும் இல்லை, பேனாவும் இல்லை.

இரண்டையும் வடித்தவர் அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ் என்னும் அமெரிக்கச் சிற்பியே. ஸ்டீவன்ஸனின் கதைகளைப் படித்து மனம் பறிகொடுத்த அவர், அவ்வாசிரியர் என்றேனும் அமெரிக்கா வரின் அவருருவத்தைச் சமைக்க விரும்புவதாகத் தம் நண்பரும் ஓவியருமான வில் லோவிடம் சொல்லி வைத்திருந்தார். 1887-ம் ஆண்டில் ஸ்டீவன்ஸன் நியூயார்க் நகருக்கு வந்தார். வந்தவரோ மார்பு நோயினாற் படுக்கையிற் கிடந்தார். ஆகவே சிற்பி அவர் தங்கிய விடுதிக்கே சென்று வேலையைத் தொடங்கினார். தலையணைகளிற் சாய்ந்து, போர்வைக்குள் முழங்கால்களை உயர்த்தி, எழுதிய தாள்களை அவற்றின்மேல் வைத்து, விரலிடையே சிகரெட்டுடன் இருக்கின்றார் கவிஞர். கண்டது கண்டபடியே வெண்கலத்தில் ஏறிற்று. கைகளைச் செவ்வனே அமைக்க வேண்டி, மறு ஆண்டிலும் சிற்பி அவரைத் தேடிச் சென்றார். அதற்குள் இருவரும் உற்ற நண்பராயினர்.

கவிஞர் இறந்து பத்தாண்டு கழித்து, 1904-ல், தேவாலயச் சிற்பம் திறக்கப்பெற்றது. வழிபாட்டிடத்துக்கு ஏற்குமாறு படுக்கை மஞ்சமாயிற்று, சிகரெட்டு பேனாவாயிற்று, முன்பு கவி பொறித்த இடத்தில் ஸ்டீவன்ஸன் இயற்றிய ஜெபம் ஒன்று இடம்பெற்றது. பிறந்த நாட்டின் ஹீதர் மலரும், இறந்த சமோவாத் தீவின் செம்பரத்தையும் பின்னிய மாலை அழகியதே. ஜெபமும் அவ்விடத்துக்குத் தக்கதே. எனினும், கிறிஸ்தவனாகிய எனக்கும் அந்தப் பேனா மனநிறைவளிக்கவில்லை. பேனா எந்தப் புலவர் கையிலும் இருக்கலாம். நோயிற் கிடந்தும் புகைத்துக்கொண்டு எழுதிய அந்த மெலிந்த மனிதரையன்றோ நண்பர் அருகிருந்து கண்டார்!

மூத்த உருவத்தின் பிரதியொன்று நெடுநாள் தாமதித்து, 1894 ஜூலையில் சமோவாவை அடைந்தது. மலைமேலிருந்த தம் இல்லத்துக்கு அதனை ஏற்றுவித்து, புகைபிடிக்கும் அறையிலே கணப்படுப்பின் மேல் மாட்டியதாகச் சிற்பிக்குக் களிப்புடன் எழுதினார் ஸ்டீவன்ஸன். அவ்வாண்டு டிசம்பர் 3-ந் தேதி, தம் நாற்பத்துநான்காம் வயதில், அதே இல்லத்தில் அவர் காலமானார்.