'சேவ்' ஆகிடுச்சா? கணினி சொல்வதை எப்போது நம்பலாம்?

லினக்ஸ் போட்ட கணினியில் பென் டிரைவுக்கு ஒரு சினிமாவைக் காப்பி பண்ணிப் பாருங்கள். பல நேரங்களில் கோடு கடகடவென ஓடி முடிந்துவிடும். 'அட, அவ்வளவுதானா!' என்று பென் டிரைவை வெளியே எடுக்கப் போனால், 'இன்னும் எழுதி முடியவில்லை, காத்திருக்கவும்' என்று நிறுத்தி வைக்கும். அப்படியென்றால், முதலில் முடிந்தது என்று காட்டியது பொய்யா?

பொய் இல்லை, பாதி உண்மை. ஒரு மென்பொருள் 'இதை ஃபைலில் எழுது' என்று சொன்னதும், இயங்குதளம் அதை வாங்கி மெமரியில் வைத்துக்கொண்டு 'எழுதியாச்சு' என்று பதில் சொல்லிவிடுகிறது. டிஸ்க்குக்குப் போவது பிறகுதான். லினக்ஸில் வழக்கமான அமைப்பின்படி சுமார் 30 நொடிகள்வரை அது மெமரியிலேயே இருக்கலாம்.

ஏன் இந்தத் தாமதம்?

வேகத்துக்காகத்தான். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஓர் இடத்தைத் தேடிப்போய் எழுத சுமார் 10 மில்லி நொடி ஆகும். மெமரிக்கு அதில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் போதும். ஒவ்வொரு எழுத்துக்கும் டிஸ்க்குக்காகக் காத்திருந்தால் கணினி நத்தை போல நகரும். ஆனால், அந்த இடைவெளியில் கரன்ட் போனால்? மெமரியில் இருந்தது போனது போனதுதான்.

2009-இல் இது பெரிய விவாதமானது. உபுண்டு 9.04-இன் சோதனைப் பதிப்பில், அப்போது புதிதாக வந்த 'எக்ஸ்ட்4' ஃபைல் சிஸ்டத்தைப் பயன்படுத்தியவர்களுக்கு, கணினி திடீரென நின்று மறுபடி எழுந்தபோது சில ஃபைல்கள் 0 பைட்டாக, வெறுமையாகக் கிடந்தன. பழைய 'எக்ஸ்ட்3' ஏறக்குறைய 5 நொடிக்கு ஒருமுறை டிஸ்க்கில் எழுதிவிடும். அந்தப் பழக்கத்தை நம்பியே பல மென்பொருள்கள் எழுதப்பட்டிருந்தன. எக்ஸ்ட்4 இன்னும் தாமதித்ததும் குட்டு வெளிப்பட்டது. 'கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வது மென்பொருளின் வேலை' என்பது எக்ஸ்ட்4-ஐ முன்னின்று உருவாக்கிய தியடோர் சோவின் நிலைப்பாடு. ஆனாலும், இந்தத் தவறைச் சமாளிக்கும் வழி லினக்ஸ் 2.6.30-இல் சேர்க்கப்பட்டது.

'எஃப்சிங்க்' என்ன செய்கிறது?

அந்த உறுதிப்படுத்தலின் பெயர்தான் எஃப்சிங்க். சாதாரணமாக எழுதுவது, தபால் பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போவது மாதிரி. எஃப்சிங்க், ஒப்புகை அட்டையோடு அனுப்புவது மாதிரி. டிஸ்க்கில் போய்ச் சேர்ந்த பிறகே பதில் வரும்.

பழைய ஃபைலைப் பத்திரமாக மாற்றுவதற்கு ஒரு முறை உண்டு. புதிய விவரத்தைத் தற்காலிக ஃபைல் ஒன்றில் எழுத வேண்டும். அதற்கு எஃப்சிங்க் கொடுக்க வேண்டும். பிறகு அதைப் பழைய ஃபைலின் பெயருக்கு மாற்ற வேண்டும். கடைசியாக, அது இருக்கும் ஃபோல்டருக்கும் எஃப்சிங்க் கொடுக்க வேண்டும். நடுவில் கரன்ட் போனாலும் பழையது முழுசாக இருக்கும். இல்லையென்றால் புதியது முழுசாக இருக்கும். அரைகுறையாக எதுவும் மிஞ்சாது.

இதிலும் ஒரு சிக்கல். டிஸ்க்குக்குள்ளேயே சிறிய மெமரி உண்டு. ஆப்பிளின் மேக் கணினிகளில் வெறும் எஃப்சிங்க் அந்த மெமரியோடு நின்றுவிடும். அதையும் தாண்டி எழுத வைக்க, 'எஃப்_ஃபுல்எஃப்சிங்க்' என்று தனியாகக் கேட்க வேண்டும்.

'முடியல' என்று பதில் வந்தால்?

உண்மையான ஆபத்து இங்கேதான் இருந்தது. உலகெங்கும் பயன்படும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், எஃப்சிங்க் தோற்றால் மறுபடி முயன்று பார்க்கும். இரண்டாவது முறை 'சரி' என்று வந்தால் நிம்மதியாக மேலே போகும். நியாயமாகத்தானே தெரிகிறது? ஆனால், லினக்ஸ் ஒருமுறை தோல்வியைச் சொன்னதுமே, அந்த விவரத்தை 'எழுத வேண்டியவை' கணக்கிலிருந்து நீக்கிவிடும் என்பது 2018-இல் அவர்களுக்குத் தெரியவந்தது. இரண்டாவது முறை எழுத எதுவுமே இல்லை. அதனால்தான் அந்த 'சரி'. விவரம் டிஸ்க்குக்குப் போகவே இல்லை.

லினக்ஸுக்கும் அதற்கொரு காரணம் இருந்தது. பென் டிரைவைப் பாதியில் பிடுங்கிவிட்டால், இனி எழுதவே முடியாத விவரங்களை எத்தனை நாள் மெமரியில் சுமப்பது?

2019 பிப்ரவரியில் போஸ்ட்கிரெஸ் தன் வழியை மாற்றியது. எஃப்சிங்க் தோற்றால் இப்போது மறுமுயற்சி கிடையாது. டேட்டாபேஸ் உடனே நின்றுவிடும். மறுபடி தொடங்கும்போது, முன்கூட்டியே டிஸ்க்கில் எழுதிவைத்த பதிவேட்டிலிருந்து எல்லாவற்றையும் மீட்டெடுக்கும். நின்றுபோவது தொந்தரவுதான். ஆனால், ஒருவரின் கணக்கில் ஏறிய பணம் சத்தமில்லாமல் காணாமல் போவதைவிட அது எவ்வளவோ மேல்.

மென்பொருள் எழுதுபவர்கள் எஃப்சிங்க் கொடுத்தால் மட்டும் போதாது. அது சொல்லும் பதிலையும் பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கு வேலை இன்னும் சுலபம்: பென் டிரைவைப் பிடுங்கும் முன், 'வெளியே எடுக்கலாம்' என்று கணினி சொல்லும்வரை கொஞ்சம் பொறுத்தால் போதும்.