வேனின் உட்புறமும் நம் முதல்தான்

புதுவைப் பெரிய மார்க்கெட்டில் சரக்கு எடுத்துக் கடை சேர்க்கும் நம் உறுப்பினர்களில் பலர் சொந்த வேன் வைத்திருப்பவர்கள். 1984-இல் மாருதி வேன் என்று அறிமுகமாகி, பின்னர் ஆம்னி என்று பெயர் பெற்ற வண்டியின் உற்பத்தி 2019-இல் நின்றுவிட்டது. ஆயினும் பழைய ஆம்னியும், 2010-இல் வந்த ஈகோவும் மளிகைக்காரருக்கு இன்றும் கை கொடுத்து வருகின்றன. ஆறு நாள் மூட்டையும் டின்னும். ஏழாம் நாள் இருக்கையை மாட்டிக் குடும்பத்துடன் வில்லியனூர் கோயில்.

இந்த இரட்டை உழைப்பில் அடிபடுவது உட்புறப் பிளாஸ்டிக். கதவின் உட்பலகை, ஏறும் படியின் ஓரம், பின்கதவு விளிம்பு ஆகிய இடங்களில் வெள்ளை வெள்ளையாகக் கீறல் விழுகிறது. வண்டியை விற்கும் நாளில், வாங்க வருபவர் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் கதவைத் திறந்து, "சரக்கு அடித்த வண்டி" என்று ஒரே வார்த்தையில் விலையை இறக்கிவிடுவார். காலிச் சாக்கையும் எண்ணி விற்கும் நாம் இதை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

கழற்றிய பலகையின் பின்புறத்தைப் பார்த்தால் பி.பி. என்றோ ஏ.பி.எஸ். என்றோ அச்சிட்டிருக்கும். பி.பி. என்பது பாலிபுரொப்பிலீன். நாம் விற்கும் அரிசிப் பை நெய்யப்படுவதும் இதே பொருளில்தான். பி.பி.-டி20 என்றிருந்தால், அதில் 20 சதவீதம் டால்க் கலந்திருக்கிறது என்று பொருள். முகப்பவுடரில் உள்ள அதே டால்க்தான். கீறல் விழுந்த இடத்தில் இந்தத் தூளும் வெளிப்படுவதால் கறுப்புப் பலகையில் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரிகிறது.

டின்னின் மூலை ஒரு காரணம். அதைவிட ஓயாமல் வேலை செய்வது மணல். நம்மூர் கடற்கரை மணலில் உள்ள குவார்ட்ஸ், பிளாஸ்டிக்கைவிடப் பல மடங்கு கடினமானது. மூட்டையின் அடியில் ஒட்டி வந்து, இழுக்கும்போது உப்புத்தாள் போல் தேய்க்கிறது. ஆகவே மூட்டையை இழுக்காமல் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். சோப்பு, பிஸ்கட் வந்த அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் பக்கப் பலகைகளுக்கு அணைவாக நிறுத்தினால் போதும். செலவு கிடையாது, நைந்தால் எடைக்குப் போட்டு வேறு வைக்கலாம். படி ஓரத்துக்குப் பழைய ரப்பர் மிதியடித் துண்டு நலம். பசையுள்ள பிளாஸ்டிக் தாளை ஒட்டுவதை நாம் சொல்லமாட்டோம். சித்திரை வெயிலில் பசை இளகிப் பிடித்துக்கொண்டால் அதை எடுப்பதே தனி வேலை.

விழுந்துவிட்ட குறியை முதலில் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டவில்லையென்றால் பெரும்பாலும் செருப்பின் கறையோ பெட்டியின் சாயமோதான். சோப்புத் தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும். மிஞ்சினால் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் அழிக்கலாம். தின்னர் வேண்டாம், ஏ.பி.எஸ். பலகை அதில் கரைந்து கெடும். தேங்காய் எண்ணெய் தடவினால் அன்று கறுக்கும். மறுநாள் மாவுத்தூசி முழுவதும் அதில்தான் குடியிருக்கும். மினுக்கும் சிலிக்கான் பாலிஷை ஸ்டியரிங்கிலும் மிதிகளிலும் ஒருபோதும் தடவக்கூடாது. கால் வழுக்கினால் பிரேக் நம் கையில் இல்லை.

நகம் தட்டும் கீறலுக்கு, அது சொரசொரப்பான பி.பி. பலகையாக இருந்தால் மட்டும், ஹீட் கன் உதவும். பாலிபுரொப்பிலீன் உருகுவது சுமார் 160 டிகிரி செல்சியஸில்; தலைமுடி உலர்த்தும் கருவி அந்தச் சூட்டுக்கு எட்டாது. பலகையைக் கழுவி, நன்றாக உலரவிட்டு, ஒரு சாண் தூரத்தில் கருவியை நிறுத்தாமல் அசைத்தபடி இரண்டு மூன்று விநாடி காட்டி எடுத்துப் பார்க்க வேண்டும். மேல்தோல் இளகி, கீறலின் உயர்ந்த ஓரங்கள் அமரும், வெண்மை மறையும். ஆறும் வரை தொடக்கூடாது. ஒரு விநாடி அதிகமானாலும் சொரசொரப்பு போய் அந்த இடம் பளபளக்கும். அதற்கு மருந்து இல்லை. எனவே கண்ணுக்குத் தெரியாத மூலையில் முதலில் பழகிக்கொள்ளுங்கள். ஏர்பேக் மூடியருகே இந்த வேலை கூடாது. பெட்ரோல் துடைத்த துணியோ எண்ணெய் டின்னோ வண்டிக்குள் இருக்கவும் கூடாது.

ஆழமாகப் பெயர்ந்துவிட்டால் பலகையை மாற்றுவதே நல்லது. பி.பி.யில் சாதாரண பெயிண்ட் நிற்காது, உரியும். புதிய பலகை விலை அதிகமாகத் தோன்றினால், சென்னைக்குச் சரக்கு எடுக்கப் போகும் அன்பர்கள் புதுப்பேட்டையில் பழைய உதிரிப் பாகங்களைத் தேடலாம். வண்டியின் ஆண்டையும் பலகையின் நிறத்தையும் குறித்துக்கொண்டு போங்கள். கிளிப்புகளைப் புதிதாகவே வாங்கிக்கொள்ளுங்கள். பழையவை வெயிலில் காய்ந்திருப்பதால் கழற்றும்போதே பாதி உடைந்துபோகும்.