கடலில் கொட்டிய சாளை

கெட்டிக்காரப் பிள்ளையே, ஒருநாள் நீ வாப்பாவிடம் கேட்டிருப்பாய்: "நிந்தவூரில் சாளை மலிவாம். கல்முனையில் மட்டும் ஏன் விலை கூட?" சபாஷ்! பொருளியல் படித்த பெரியவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள்.

ராபர்ட் ஜென்சன் என்ற ஆய்வாளர் இந்தக் கேள்வியோடு கேரளக் கடற்கரைக்குப் போனார். 1996 முதல் 2001 வரை 15 மீன் சந்தைகளில் வாராவாரம் விலை குறித்தார்.

1997 ஜனவரி 14, காலை எட்டு மணி இருக்கும். வடகரை என்ற ஊரில் 11 மீனவர்கள், பிடித்த சாளையை வாங்க ஆளில்லாமல் கடலில் கொட்டினார்கள். அதே நேரம் 15 கிலோமீற்றருக்குள் இருந்த சந்தைகளில் 27 வியாபாரிகள் மீனே கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்ப இருந்தார்கள். 15 கிலோமீற்றர் என்றால், ஏறக்குறைய கல்முனையிலிருந்து ஒலுவில்!

அந்தத் தோணிகள் அங்கே போயிருக்கலாமே என்கிறாயா? அங்கே விலை என்ன என்று யாருக்குத் தெரியும்? எண்ணெய்ச் செலவு வேறு. போய்ச் சேர்வதற்குள் சந்தை கலைந்துவிடும். சாளையோ சீக்கிரம் பழுதாகிற மீன்.

பிறகு கைத்தொலைபேசி வந்தது. கடலில் இருந்தபடியே மீனவர்கள் கரைக்குப் பேசினார்கள். "இன்றைக்கு எங்கே விலை கூட?" தோணி அந்தப் பக்கம் திரும்பியது.

சரி, சந்தைகளில் வந்த மாற்றத்துக்குக் காரணம் கைத்தொலைபேசிதான் என்று எப்படிச் சொல்வது? அந்த வருடம் மழையோ காற்றோ காரணமாய் இருக்கலாமே?

உன் வளவில் இரண்டு மாமரம் நிற்கிறது என்று வை. ஒன்றுக்கு மட்டும் எரு போடு. அது மட்டும் கூடக் காய்த்தால், காரணம் எரு என்று சொல்லலாம். மழை இரண்டுக்கும் ஒன்றுதானே? அடுத்த வருடம் மற்ற மரத்துக்கும் போடு. அதுவும் காய்த்தால் சந்தேகம் இன்னும் குறையும். விளங்குதா?

ஜென்சன் பார்த்த கடற்கரையிலும் இப்படித்தான். போன் 1997இல் முதலில் கோழிக்கோட்டுப் பக்கம் வந்தது. 1998இல் கண்ணூர், 2000இல் காசர்கோடு. ஒவ்வொரு இடத்திலும் போன் வந்த பிறகுதான் சந்தைக்குச் சந்தை இருந்த விலை வித்தியாசம் சுருங்கியது. இந்த ஆய்வில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

மீனவர் இலாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது. வாங்குவோருக்கு விலையோ 4 சதவீதம் குறைந்தது.

கொஞ்சம் நில். இரண்டு பக்கமும் எப்படி இலாபம்? முன்பு வீணாய்க் கொட்டிய மீனை நினைத்துப் பார். இப்போது அது யாரோ ஒரு உம்மாவின் ஆணத்தில் கொதிக்கிறது!

இனி உன் முறை. ஒரு கொப்பி எடு. ஒரு கிழமைக்கு, கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் ஒரே நேரத்தில் சாளை என்ன விலை என்று கூட்டாளிகளோடு பிரித்துக் கேட்டு எழுது. எந்த நாளில் வித்தியாசம் அதிகம் என்று பார்த்து எனக்கும் சொல்.